ஸ்புரூஸ் காட்டில் பட்டை வண்டும் காலநிலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து மரத்தையே கொல்லும் பட்டை வண்டின் தாக்குதலைக் காலநிலையோடு சேர்த்துப் பார்த்து அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்களின் அறிக்கைகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. கணக்குப் பிழை, அலகுக் குழப்பம் போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். மற்றவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மரம் சிவந்த ஆண்டிலேயே காரணம் தேடுவது

எத்தனை வருடமானாலும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஊசி இலைகள் சிவந்து செத்த மரங்களின் எண்ணிக்கையை அதே ஆண்டின் மழையோடும் வெப்பத்தோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "தொடர்பு இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். நல்ல மழை பெய்த ஒரு கோடையில் ஒரு மலைச்சரிவில் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சிவந்தன. வறட்சி காரணமில்லை, மழை வந்துவிட்டதால் தாக்குதல் தானாகத் தணியும் என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி அடுத்த வசந்தத்தில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டே வருடத்தில் சரிவில் பெரிய மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒரு மரத்தின் பட்டையைப் பெயர்த்துப் பாருங்கள். தாய் வண்டு மரத்தின் நெடுக்காகக் குடைந்த பாதை இருக்கும். அதிலிருந்து இருபுறமும் புழுக்கள் குடைந்து போன பாதைகள், போகப்போக அகன்றுகொண்டே போகும். இவ்வளவும் நடக்கும்போது மேலே ஊசி இலைகள் பச்சையாகவே இருக்கும். அடிமரத்தில் காப்பித்தூள் மாதிரி கொஞ்சம் பழுப்புத் தூள் கிடக்கும், அவ்வளவுதான். உச்சி சிவக்கும்போது பெரும்பாலான வண்டுகள் வேறு மரத்துக்குப் போயிருக்கும்.

காரணம் இன்னும் பின்னால் இருக்கிறது. 2005 ஜனவரியில் குட்ரூன் புயல் தெற்கு ஸ்வீடனில் ஏறத்தாழ 7.5 கோடி கனமீட்டர் மரத்தைச் சாய்த்தது. விழுந்த மரத்தால் பிசினைச் சுரந்து வண்டை எதிர்க்க முடியாது. அகற்றப்படாமல் கிடந்த மரங்களில் வண்டுகள் பெருகின. 2006 கோடையும் சூடாக அமைந்ததால் நிற்கும் மரங்களிலும் ஏறிவிட்டன. புயல் ஒரு ஆண்டில், சாவு அதற்குப் பிந்தைய ஆண்டுகளில். மத்திய ஐரோப்பாவின் 2018 வறட்சியும் இப்படித்தான்: செக் குடியரசில் அதற்கடுத்த ஆண்டுகளிலும் காடு காடாக மரங்கள் செத்தன.

நாலைந்து வண்டுகள் வந்தால் தெம்பான மரம் பிசினிலேயே மூழ்கடித்துவிடும். ஆயிரக்கணக்கில் வந்தால் அந்த மரமும் தாங்காது. வறட்சி மரத்தின் எதிர்ப்பைக் குறைத்து, வண்டுகள் அந்த எண்ணிக்கையை எட்ட வழிவிடுகிறது. எட்டிய பிறகு மழை பெய்தாலும் உடனே நிற்பதில்லை. அதனால் குறைந்தது முந்தைய மூன்று ஆண்டுகளின் புயல், வறட்சி, கோடை வெப்பம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆண்டுச் சராசரி வெப்பநிலையை நம்புவது

இதுவரை சொன்ன ஐரோப்பிய ஸ்புரூஸ் பட்டை வண்டு பறக்க ஏறத்தாழ 16.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். பட்டைக்குள் முட்டையும் புழுவும் வளர்வது சுமார் 8.3 டிகிரிக்கு மேல்தான். அந்த அளவுக்கு மேலே போகும் வெப்பம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே வந்து ஒரு தலைமுறை முடிகிறது. வசந்தம் சீக்கிரமே சூடாகிவிட்டால் இரண்டாம் தலைமுறைக்கும், தாழ்வான பகுதிகளில் சில ஆண்டுகள் மூன்றாவதுக்கும் நேரம் கிடைக்கும். கோடை முடிவில் பகல் சுருங்கியதும் பெரும்பாலான வண்டுகள் இனப்பெருக்கத்தை நிறுத்திவிடும். ஆகவே சூடான மே மாதமும் சூடான அக்டோபரும் ஒன்றல்ல. சராசரியில் இரண்டும் ஒரே எண்ணாகக் கரைந்துவிடும். அப்புறம், வெயில் நேராக விழும் காட்டோரத்தில் பட்டையின் சூடு காற்றின் சூட்டைவிட அதிகம். வானிலை நிலையத்தின் எண் அதைக் காட்டாது.

குளிர்காலம் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

கடுங்குளிரில் புழுவும் கூட்டுப்புழுவும் நிறையச் சாகும். முதிர்ந்த வண்டுகள் பட்டைக்கு அடியிலும் தரைச் சருகிலும் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

எல்லா ஸ்புரூஸ் வண்டுகளையும் ஒன்றாக எண்ணுவது

1990களில் அலாஸ்காவின் கெனாய் தீபகற்பத்தை அழித்தது வேறு இனம். அதற்கு ஒரு தலைமுறைக்கு வழக்கமாக இரண்டு ஆண்டு ஆகும். சூடான கோடைகளில் அது ஒரே ஆண்டாகச் சுருங்குகிறது. ஐரோப்பிய எண்களை அங்கே போடாதீர்கள்.

வண்டு பிடிக்க வைத்த பொறியில் விழுந்ததை மட்டும் எண்ணுவது

காட்டுக்குள் போய் அடிமரத்தில் அந்தப் பழுப்புத் தூள் கிடக்கிறதா என்று பாருங்கள்.