கூட்டுத்தொகை ஒவ்வொரு முறையும் மாறியது ஏன்?

சி மொழியில் எழுதிய என் நிரலில், ஒரு கோடி தசம எண்களின் வர்க்கங்களைக் கூட்டும் ஃபார் லூப்பை விரைவுபடுத்த எண்ணி, அதற்கு மேலே வேலையைப் பகிர்ந்து ஒரே நேரத்தில் ஓடச் செய்யும் ஓப்பன்எம்பியின் 'பேரலல் ஃபார்' பிராக்மா என்ற குறிப்பு வரியைச் சேர்த்தேன். நேரம் சிறிதும் குறையவில்லை. நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலருக்கு 'எஃப்ஓப்பன்எம்பி' என்ற ஆப்ஷனைத் தராவிட்டால், அது அந்த வரியைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதைச் சேர்த்த பின்னர்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது: ஓட்டும் ஒவ்வொரு முறையும் விடை வேறாக வந்தது.

கூட்டுத்தொகை மாறியை எல்லாத் திரெட்களும் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி இழைகள்) பகிர்ந்துகொண்டதால், ஒரு திரெட் பழைய மதிப்பைப் படித்து, கூட்டி, திரும்ப எழுதும்போது, இடையில் மற்றொன்று எழுதியிருந்த மதிப்பு அழிந்துபோனது. கூட்டும் வரியை, ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே நுழையக்கூடிய 'கிரிட்டிகல்' பகுதிக்குள் வைத்ததும் விடை சரியானது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் திரெட்கள் ஒன்றுக்காக மற்றொன்று காத்து நின்றதால், பழைய லூப்பைவிடவும் மெதுவாக ஓடியது (இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது). அதை நீக்கிவிட்டு, பிராக்மா வரியிலேயே 'ரிடக்‌ஷன்' சேர்த்தேன். ஒவ்வொரு திரெட்டும் தனக்கென ஒரு மாறியில் கூட்டி, இறுதியில் மட்டும் மொத்தத்துடன் சேர்த்தது. கடைசி இலக்கங்களில் எஞ்சிய வேறுபாடு பிழையன்று. தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் ரவுண்டிங்கும் மாறும். ஆகவே, விடையைச் சரிபார்க்கும் என் சோதனையில் இருந்த சமக்குறியை நீக்கி, மிகச் சிறிய வேறுபாட்டை ஏற்கும்படி மாற்றினேன்.