பழைய ஆர்15 வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை

யமஹா ஆர்15 பைக்கின் மூன்றாம் பதிப்பை இரண்டாம் கையாக வாங்கி முதன்முறை ஓட்டுபவரை, எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 7,400-ஐ (ஆர்பிஎம்) தாண்டியதும் வால்வு அமைப்பு மாறி அந்த 155 சிசி எஞ்சின் எடுக்கும் வேகம் நிச்சயம் மயக்கிவிடும். அந்த மயக்கத்திலேயே நெடுஞ்சாலைக்குக் கிளம்பிவிடாமல், முதலில் டயர்களைக் கவனியுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பதால், 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. இத்தனை பழைய டயரில் பட்டன் (சாலையைப் பற்றும் வரிப்பள்ளம்) நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும் என்பதால், மழை பெய்த சாலையில் அதை நம்பி வண்டியைச் சாய்க்கவே கூடாது; விலை பேசும்போதே புது டயருக்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் உள்ளிருக்கும் எண்ணெயைக் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள், அந்த எண்ணெய் டிஸ்க்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது.

குனிந்து அமரும் வண்டி என்பதால் தொடக்கத்தில் மணிக்கட்டு வலிப்பது இயல்பே. தொடைகளால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து ஓட்டினால் கைகளின் மீது விழும் பாரம் வெகுவாகக் குறையும். காப்பீட்டையும் வண்டி கைமாறிய 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.