முடிவெடுக்கும் முன் மறுப்பைத் தேடுங்கள்

நமக்குப் பிடித்துப்போன முடிவுக்குச் சாதகமான சான்றுகளை மட்டுமே மனம் தேடித் தேடிச் சேர்ப்பதை உளவியலாளர்கள் உறுதிப்படுத்தல் சார்பு என்கிறார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் எளிய சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. 2, 4, 6 ஆகிய எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன என்று சொல்லி, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடிக்குமாறு அவர் கேட்டார். பலரும் இரண்டிரண்டாகக் கூடுவதுதான் விதி என்று எண்ணி, 8, 10, 12 என்பதுபோல் அதற்குப் பொருந்துவதையே சொல்லி, ‘ஆம்’ என்ற பதில் வரவர நம்பிக்கை வளர்ந்து, தவறான விடையைச் சொன்னார்கள். ஏறுவரிசையில் அமைந்த எந்த மூன்று எண்களும் பொருந்தும் என்பதே உண்மையான விதி. 1, 2, 9 என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்திருந்தால் தம் எண்ணம் தவறு என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

ஆகவே, வேலை மாறுவது போன்ற பெரிய முடிவுக்கு முன், ‘எது தெரியவந்தால் இதைக் கைவிடுவேன்?’ என்ற கேள்விக்கான விடையை ஒரு தாளில் எழுதி, அதையே முதலில் விசாரியுங்கள். எழுதுவது மிக முக்கியம். எழுதாத நிபந்தனையை மனம் பிறகு சத்தமில்லாமல் தளர்த்திவிடும். ‘ஓராண்டுக்குள் பலர் விலகியிருந்தால் அங்கே சேரமாட்டேன்’ என்று எழுதியவர், சம்பளம் பேசுவதற்கு முன்பே, அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப் பேசுவார். பிறரிடம் கருத்துக் கேட்கும்போதும், ‘இது சரிதானே?’ என்பதற்குப் பதிலாக ‘இதில் எங்கே சறுக்குவேன்?’ என்று கேளுங்கள்; முதல் கேள்விக்குத் தலையாட்டியவர்களே இரண்டாவது கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.