கல்யாண மண்டபத்துக்குத் தீயணைப்பு முன்திட்டம் போடுவது எப்படி?

தீயணைப்பு நிலையத்துக்குப் புதிதாக வந்தவரிடம் ஒரு மண்டபத்துக்கு முன்திட்டம் (தீப்பிடிக்கும் முன்பே இடத்தைப் பார்த்து வரைந்துவைக்கும் தாள்) கேட்டால், உரிமக் கோப்பிலுள்ள வரைபடத்தை நகலெடுத்து நீட்டுவார். நமக்கு வேண்டியது அதுவல்ல. இன்றைக்கு அங்கே நிற்கிற கட்டடம் எப்படி இருக்கிறது என்பதுதான்.

1. முகூர்த்த நாளில் போங்கள். காலி மண்டபத்தில் எல்லா வழியும் அகலமாகத்தான் தெரியும். கூட்டம் உள்ள நாளில் பின்வாசலை மறித்துப் பந்திப் பாத்திரங்கள் கிடக்கும். வாசலில் அலங்கார வளைவு நிற்கும், அதனடியில் நம் வண்டி நுழையுமா என்று அளந்து பாருங்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில் கூரைப் பந்தல் தீப்பிடித்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். தற்காலிகப் பந்தல் எந்த வரைபடத்திலும் வராது.

2. நிறுத்த வேண்டியவற்றைக் குறியுங்கள்: மெயின் சுவிட்ச், ஜெனரேட்டர், சமையற்கூடத்து 19 கிலோ சிலிண்டர்கள். மின்சாரத்தை நிறுத்திய மறுகணம் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்குமா என்று மேலாளரிடம் கேளுங்கள்.

3. தண்ணீர். என்னை அதிகம் இழுத்தடித்த படி இதுதான். வண்டியில் 4,500 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சும் ஒரு குழாய் அதைப் பத்து நிமிடத்தில் தீர்த்துவிடும். இரண்டு குழாய் என்றால் ஐந்தே நிமிடம். அதற்குள் அடுத்த தண்ணீர் கைக்கு எட்ட வேண்டும்.

பின்புறம் கிணறு இருந்தால் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் என்று பாருங்கள். கிணற்றுச் சுவரின் விளிம்பிலிருந்து அளந்தால் போதாது. வண்டியில் பம்பு இருக்கும் உயரத்தையும் சேர்க்க வேண்டும். ஏட்டுக்கணக்கில் 10 மீட்டர் வரை உறிஞ்சலாம் என்றாலும், 7 மீட்டருக்கு மேல் நான் நம்புவதில்லை. ஐப்பசியில் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், சித்திரையில் மறுபடி இறக்கிப் பாருங்கள். தரைத்தொட்டி என்றால் மூடி எங்கே, அதன்மேல் இருசக்கர வண்டிகளை நிறுத்துகிறார்களா, நம் வண்டி எவ்வளவு நெருங்கும் என்று பாருங்கள். உறிஞ்சு குழாய் தடித்தது, சுலபமாக வளையாது. மூலை திரும்பிப் போகும் என்று கணக்குப் போடாதீர்கள்.

4. எல்லாவற்றையும் ஒரே ஏ4 தாளில் வரையுங்கள். கட்டம் போட்ட தாள், பென்சில், நீளமான அளவுநாடா போதும். செல்பேசிச் செயலிகள் எனக்குப் பிடிக்காது. ஈரக்கையோடு திரையைத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. முன்வாசல் எப்போதும் தாளின் கீழ்ப்பக்கம் வரட்டும். தண்ணீருக்கு நீலம், மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தும் இடங்களுக்குச் சிவப்பு. லேமினேட் செய்து ஓட்டுநர் அருகே மாட்டிவையுங்கள். ஓடும் வண்டியில் படிக்க முடியாத எழுத்து இருந்தால் அழித்துவிட்டுப் பெரிதாக எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: காவலாளியின் செல்பேசி எண்ணை எழுதிவைத்தால் பயனில்லை, ஆள் அடிக்கடி மாறுகிறார் என்று வேறொரு நிலையத்து நண்பர் எழுதியிருந்தார். சரிதான். சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று எழுதுங்கள்.

மருத்துவமனைக்கும் இதே முறையா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இதேதான், ஆனால் போகவேண்டிய நேரம் இரவு. எந்த வார்டில் எத்தனை பேர் எழுந்து நடக்க முடியாதவர்கள், அப்போது பணியில் எத்தனை செவிலியர்கள், ஆக்சிஜன் வால்வை மூட யாருக்குத் தெரியும் என்ற மூன்றும் தாளின் மேல்மூலையில் இருக்கட்டும்.