மாஸ்க்: தெருவில் போட்டு, கூடத்தில் கழற்றுகிறவர்களுக்கு

காய்ச்சல் பருவம் வந்தால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாஸ்க் பெட்டி மறுபடி வெளியே வரும். இந்த ஐப்பசி மழையிலும் வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கக் கிளம்பினார்கள். கூடப் போனேன். 2020-இல் கொரோனா சமயத்தில் எங்கள் அணி செய்த தவறுகள் எல்லாம் அதே வரிசையில் திரும்ப நடந்தன. மூக்கை மூடாமல் போடுவது, தாடையில் தொங்கவிடுவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். தப்பென்றே தெரியாமல் செய்கிறவைதான் எனக்குக் கவலை.

வெளியே போடுவது, உள்ளே கழற்றுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஆள் நடமாட்டமில்லாத வரப்பில், ஆற்றுக் காற்று அடிக்கும் படுகைச் சாலையில், பிள்ளைகள் ஒழுங்காக மாஸ்க்கோடு நடந்தார்கள். காய்ச்சலில் பாட்டி படுத்திருந்த அறைக்குள் போனதும், "பாட்டிக்குக் காது கேக்கல சிஸ்டர்" என்று ஒரு பெண் கழற்றிவிட்டுக் குனிந்து பேசினாள். மழைச் சாரலுக்காக ஜன்னல் சாத்தியிருந்தது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால் புரியும். 2020 செப்டம்பரில் மாஸ்க் போடாதவர்களுக்கு அரசு 200 ரூபாய் அபராதம் வைத்தது. 2022 ஜனவரியில் அது 500 ஆனது. அபராதம் போடுகிறவர்கள் நிற்பது ரோட்டில். அதனால் மாஸ்க் ரோட்டுக்கு உரியது என்றே ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டோம், சொந்தக்காரர்கள்தானே என்றதும் கை தானாகக் காதுக்குப் போகிறது.

கிருமி நடந்துகொள்வது நேர்மாறாக. பேசும்போதும், மூச்சு விடும்போதும்கூட, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியே வருகின்றன. சாம்பிராணி போட்ட அறையில் புகை நிற்பது மாதிரி அவை அடைத்த அறையில் நெடுநேரம் மிதக்கும். திறந்த வெளியில் காற்று கலைத்துவிடும். 2020 மார்ச் 11-இல் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த உலக சுகாதார நிறுவனமே, காற்று வழியாகவும் பரவும் என்பதைத் தெளிவாக எழுத 2021 ஆகிவிட்டது. அதற்குள் ஊருக்கெல்லாம் கைகழுவுவதும் ஆறடி தூரமும்தான் பாடமாகியிருந்தன.

2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, எங்கள் பகுதியில் வயதான ஒருவர் இறந்துபோனார். மாரடைப்பு. வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆண்கள் அங்கே இருந்தார்கள், பாதிப் பேர் முகத்தில் ஒன்றும் இல்லை. பெண்கள் கூடத்தில், பெட்டியைச் சுற்றி. வரும்போது மாஸ்க்கோடுதான் வந்தார்கள். கட்டிப்பிடித்து அழும்போது யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? ஒவ்வொன்றாக இறங்கிவிட்டது. பழைய முற்றம் வைத்த வீடு அது. ஆனால் குரங்குத் தொல்லை, மழைத் தொல்லை என்று முற்றத்துக்கு மேலே தகரம் போட்டு அடைத்துவிட்டார்கள். "அத்தை, கொஞ்சம் கொஞ்சம் பேரா உள்ள போங்க, மத்தவங்க பந்தலுக்கு வாங்க" என்று வாசலில் நின்று சொன்னேன். "துக்க வீட்டுல வந்து சட்டம் பேசாதம்மா" என்றார்கள்.

பத்து நாளைக்குள் கூடத்தில் இருந்த பெண்கள் வரிசையாகப் படுத்தார்கள். பந்தலில் இருந்தவர்களில் அவ்வளவு பேருக்கு வரவில்லை. பெரிய மருமகளுக்கு ஆக்சிஜன் படுக்கை கேட்டுத் திருவாரூர், தஞ்சாவூர் என்று அலைந்தார்கள். படுக்கை கிடைத்தது, அந்தப் பெண் வீடு திரும்பவில்லை.

அதனால் புதியவர்களுக்குச் சொல்கிறேன். வரப்பில் கழற்றிக்கொள்ளுங்கள், அறைக்குள் போடுங்கள். காது கேளாத பாட்டியை முடிந்தால் திண்ணைக்குக் கூட்டி வாருங்கள், அங்கே மாஸ்க்கோடு உரக்கப் பேசுங்கள். நடக்க முடியாதவர் என்றால் முதலில் ஜன்னலைத் திறங்கள், அப்புறம் பேச்சு. ஏசி மண்டபத்துக் கல்யாணம் என்றால், பந்தியில் கழற்றத்தான் வேண்டும், சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி போடலாம். அரட்டை அடிக்க வேண்டுமா, வாசலுக்கு வாருங்கள். திண்ணையும் முற்றமும் வைத்து வீடு கட்டிய ஊர் நம்முடையது.

நனைந்ததையே நாளெல்லாம் போடுவது

2020 ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, குறுவை நடவு மும்முரமாக நடந்தது. வெயிலில் குனிந்து நடுகிறவர்களுக்கு அரை மணியில் துணி மாஸ்க் தொப்பலாகிவிடும். நனைந்த துணி வழியே மூச்சு போகாது, பக்கத்து இடைவெளியில் போகும். தள்ளித் தள்ளி நின்று நடும்போது கழற்றி வையுங்கள். வயலுக்கு நெருக்கியடித்து ஏறிவரும் வண்டிக்கு ஒன்று, திரும்ப ஒன்று என்று உலர்ந்ததாக இரண்டு இருந்தால் போதும்.

சுருக்குப்பைக்குள் வைப்பது

வெற்றிலை, சீவல், சில்லறை, சுண்ணாம்பு டப்பா, அதோடு மாஸ்க். ஒரு நடவுக்கார அம்மா உதட்டைச் சுற்றிப் புண் என்று வந்தார். மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால், வாய் படும் இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. ஒரு காகித உறையில் போட்டு, மாராப்பில் தனியாகச் செருகுங்கள்.

என்95-ஐத் துவைப்பது

சிக்கனம் என்று சோப்பு போட்டு அலசிக் கொடியில் காயப்போடுகிறார்கள். அதன் நடு அடுக்கில் நிலைமின்னேற்றம் ஏற்றியிருக்கிறது, நுண்துகள்களை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். சோப்புத் தண்ணீரும் சானிடைசரும் அதைப் போக்கிவிடும். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும் என்பதுதான் ஆபத்து. துவைக்காமல், காகித உறையில் போட்டுக் காற்றாட வையுங்கள். நாலைந்து வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். நாடா தளர்ந்தால் தூக்கிப் போடுங்கள்.

வால்வு வைத்தது

வாங்காதீர்கள். நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் அப்படியே வெளியே போகும். மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையிலேயே எச்சரித்தது.

கைக்குழந்தைக்கு

ஐந்து வயது வரை வேண்டாம். தூக்குகிறவர் போட்டால் போதும்.

வாய்க்காலில் எறிவது

மட்காத பிளாஸ்டிக் இழை அது, மதகில் போய் அடைக்கும். நாடாவை வெட்டி, காகிதத்தில் சுற்றி மூன்று நாள் தனியே வைத்துவிட்டுக் குப்பை வண்டியில் கொடுங்கள்.