ஏரிக்கு உப்புக் கணக்கு போடுகிறீர்களா? இதில் மட்டும் சறுக்காதீர்கள்

போன வாரம் ஒரு முதுகலை மாணவி தன் எக்செல் தாளைக் கொண்டுவந்து காட்டினார். பூண்டி ஏரியில் உப்பு மாதாமாதம் எப்படி மாறுகிறது என்ற கணக்கு. மே மாதக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த அதே தவறு. அலகு மாறிப்போவது, ஒரு நாள் விட்டுப்போவது எல்லாம் தானாகவே கண்ணில் பட்டுவிடும். இது படாது.

ஆவியானதையும் வெளியேற்றத்தில் சேர்ப்பது

பூண்டித் தண்ணீர் இணைப்புக் கால்வாயில் போகிறது, மண்ணுக்குள் கசிகிறது, வெயிலில் ஆவியாகிறது. மூன்றையும் கூட்டி 'வெளியேற்றம்' என்று ஒரே பத்தியில் போட்டு, ஏரியின் உப்பளவால் பெருக்கிவிடுகிறார்கள். கால்வாயும் கசிவும் உப்பைக் கூடவே கொண்டுபோகும், சரி. ஆவி கொண்டுபோகாது. குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்; தாளுக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது.

ஏரியில் 1,000 மில்லியன் கன அடி தண்ணீர், லிட்டருக்கு 400 மில்லிகிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 11,300 டன் உப்பு. இதில் 150 மில்லியன் கன அடி ஆவியானால், அத்தனை டன்னும் மிச்சமுள்ள 850-க்குள் இருக்க வேண்டும். அளவு 470-ஐத் தொடும். தவறான தாளில் அது 400-லேயே நிற்கும்.

என் தாளில் உப்பளவைக் காட்டும் வரைகோடும் அப்படித்தான் கோடை முழுக்கப் படுத்துக் கிடந்தது. பரிசோதனைக்கூடத்து அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "மே மாசத் தண்ணி கரிக்குமேப்பா, உன் கோடு ஏன் ஏறவே இல்ல?" என்று கேட்டார். அப்போதாவது நின்று யோசித்திருக்க வேண்டும். நான் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீரின் உப்பளவைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கோட்டை அளவீட்டோடு பொருந்த வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அக்டோபரில் மழை இறங்கி ஆவியாவது குறைந்ததும், ஏரியில் இல்லாத உப்பையெல்லாம் என் தாள் காட்ட ஆரம்பித்தது. மூன்று மாத வேலையைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வரத்து, திறப்பு, கசிவு மூன்றையும் பூஜ்யமாக்கி, ஆவியாவதை மட்டும் ஓடவிடுங்கள். மொத்த உப்பு ஒரு கிலோ குறைந்தாலும் தாளில் ஓட்டை இருக்கிறது.

ஏரி மேல் நேரடியாகப் பெய்யும் மழை

தண்ணீராகச் சேருங்கள். ஆற்று நீரின் உப்பளவை அதற்குக் கொடுக்காதீர்கள்.

வரத்தின் சராசரி

வெள்ளம் வந்த நாளும் ஓடை சொட்டிய நாளும் ஒன்றல்ல. அன்றன்றைய உப்பளவை அன்றைய நீரளவால் பெருக்கிக் கூட்டுங்கள், அப்புறம் மொத்த நீரால் வகுங்கள்.

மின்கடத்துத்திறன்

உப்பளவை இதை வைத்துக் கணிப்பதாக இருந்தால், 25 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திய அளவா என்று மீட்டரில் பார்த்துவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதிரி நீர்

மதகடியில் மட்டும் எடுக்காதீர்கள்.