செக்டர் அளவு மாறினால் குளோன் வேண்டாம்

பழைய டிஸ்க்கை டிடி (dd, டிஸ்க்கை பைட் பைட்டாக நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளை) வைத்து புதியதில் அப்படியே கொட்டினேன். காப்பி பிழையில்லாமல் முடிந்தது. ஆனால் ஒரு பார்ட்டிஷனும் தெரியவில்லை!

செக்டர் என்பது டிஸ்க் ஒரு தடவையில் படிக்கும், எழுதும் மிகச் சிறிய துண்டு; பழையதில் அது 512 பைட், புதியதில் 4096. ஜிபிடி (GPT, பார்ட்டிஷன்கள் எங்கே என்று சொல்லும் அட்டவணை) தலைப்பு செக்டர் 1-இல் இருக்கும் (எண்ணிக்கை 0-இல் தொடங்கும்). பழையதில் அது 512-ஆவது பைட். புதியதிலோ 4096-ஆவது பைட்டில் தேடுவார்கள். பார்ட்டிஷன் தொடக்க எண்களும் செக்டர் கணக்குதான், எல்லாம் எட்டு மடங்கு தள்ளிப்போகும். சில யூஎஸ்பி டிஸ்க் பெட்டிகளும் செக்டர் அளவை மாற்றிக் காட்டி இதே வேலையைச் செய்யும்.

அதனால் முதலில் எஃப்டிஸ்க் (fdisk, பார்ட்டிஷன் கருவி) பட்டியலில் 'லாஜிக்கல்' செக்டர் அளவைப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றேயென்றால் குளோன் சரி. இல்லையென்றால் புது டிஸ்க்கில் பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் இரண்டையும் புதிதாகப் போட்டு, ஃபைல்களை மட்டும் ஆர்சிங்க்கில் (rsync, ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) நகலெடுங்கள். அப்புறம் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பீட்டோடு அதையே இன்னொரு முறை, எதையும் நகலெடுக்காமல் வேறுபடும் ஃபைல்களைப் பட்டியலிட மட்டும், ஒத்திகையாக. அந்தப் பட்டியலில் ஒரு ஃபைலும் வரவில்லை என்றால் மட்டும் பழைய டிஸ்க்கை அழியுங்கள்.